வண்டி இல்லாதவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பஸ்ஸில் போய் நடந்துவிட்டு வர ஒரு வழிகாட்டி

தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ புதிதாக வேலைக்கு வந்தவர், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒகேனக்கல் என்பார்கள். வேறு ஏதாவது சொல்லுங்கள், நடக்கிற மாதிரி, பச்சையாக, அமைதியாக என்று கேட்டால் உடனே வருகிற கேள்வி: "வண்டி இருக்கிறதா?" இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

என்னிடமும் வண்டி இல்லை. ஓட்டவும் தெரியாது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் மலையடிவாரம், வாய்க்கால் கரை, கோட்டைப் பாறை என்று நடப்பதற்கு அருமையான இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் அந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எதுவரை போகும், முக்கியமாக எப்போது திரும்பும் என்பதை எங்கும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு கண்டக்டரிடமும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டுச் சேர்த்தவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். குறிப்பிட்ட பஸ் நேரங்களை வேண்டுமென்றே எழுதவில்லை. அவை மாறிக்கொண்டே இருக்கும். மாறாத விஷயம் அவற்றை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்பதுதான்.

1. திரும்பும் பஸ்ஸை முதலில் முடிவு செய்யுங்கள்

போகும் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். காலையில் எதுவாவது ஒன்று கிடைத்துவிடும். இந்தப் பக்கம் ஆட்களைச் சிக்க வைப்பது மாலை பஸ்தான். எனவே திட்டத்தை வாலிலிருந்து தொடங்குங்கள். அந்த ஊரிலிருந்து கடைசியாகக் கீழே இறங்கும் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு முந்தைய பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் ஆபத்துக்கு மட்டும். நடைக்கு எவ்வளவு நேரம் என்பதை அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. மலைக் கிராமங்களிலும் மாவட்டத்தின் ஓரத்து ஊர்களிலும் "கடைசி பஸ் எட்டு மணிக்கு" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் அது ஊருக்குள் வருகிற பஸ். டிரைவரும் கண்டக்டரும் இரவு அங்கேயே தங்கி, பஸ் மறுநாள் விடியற்காலையில்தான் கிளம்பும். ஹால்ட் பஸ் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு வீடு வந்து சேரும் பஸ்தான் முக்கியம், அதனால் அதைத்தான் சொல்வார்கள். ஆகவே கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, இங்கிருந்து தருமபுரிக்குக் கடைசியாக இறங்குகிற பஸ் எத்தனை மணிக்கு?" இறங்குகிற என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். பிறகு, "இன்றைக்கு அந்த டிரிப் உண்டா?" என்று இன்னொரு கேள்வி. இரண்டையும் நீங்கள் ஏறிப் போன பஸ்ஸின் கண்டக்டரிடம் கேட்பதுதான் உத்தமம். பெரும்பாலும் அதே பஸ்தான் திரும்பவும் வரும், அவர் உங்கள் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார்.

இன்றைக்கு உண்டா என்று கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கிராமத்து டிரிப்புகள் பல பள்ளிக்கூடப் பிள்ளைகளை நம்பி ஓடுபவை. பள்ளி விடுமுறை நாளில் அவை குறையலாம். பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள்; அந்த பஸ்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை, நம்முடைய தடங்களிலிருந்து எடுக்கப்படுபவையும் அவற்றில் இருக்கும். அமாவாசை என்றால் கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைக் கோயில் பக்கம். பெரிய முகூர்த்த நாளில் பஸ் இருக்கும், ஆனால் ஏற முடியாது. எனவே நாள்காட்டியில் பௌர்ணமி, அமாவாசை, முகூர்த்தம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இணையத்தில் கிடைக்கும் கால அட்டவணைகளை நம்ப வேண்டாம். பல பழையவை. பஸ் நிலையத்திலுள்ள நேரக் காப்பாளர் அறையில் கேளுங்கள். முந்தைய நாள் மாலையே போய்க் கேட்டால் நிதானமாகச் சொல்வார்கள். காலை ஏழு மணிக்குக் கேட்டால் எரிந்து விழுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

2. எந்த பஸ் என்று தெரிந்து ஏறுங்கள்

தருமபுரியில் நகரப் பேருந்துகளுக்கும் புறநகர்ப் பேருந்துகளுக்கும் நிலையங்கள் தனித்தனி. பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் பார்த்துவிடலாம். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, ஓசூர் போன்றவை புறநகர். சுற்றுவட்டாரக் கிராமங்கள் நகரப் பேருந்து.

கிருஷ்ணகிரிக்கு வெளியூரிலிருந்து நண்பர்களை வரச் சொல்கிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் வருபவர்கள் தருமபுரியிலோ ஓசூரிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

சேலம், பெங்களூரு இடையே ஓடும் விரைவு பஸ்களில் ஏறும்போது ஊருக்குள் போகுமா என்று கேட்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். பல பஸ்கள் நான்குவழிச் சாலையிலேயே ஓடி, புறவழியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோ கேட்கிற தொகை, நீங்கள் அதுவரை வந்த டிக்கெட்டை விட அதிகமாக இருக்கும். காவேரிப்பட்டணம், காரிமங்கலம் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பெண்களுக்கு: அரசு நகரப் பேருந்துகளில், சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், டிக்கெட் இலவசம். 2021 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. கண்ணாடியில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அடையாள அட்டை எதுவும் காட்ட வேண்டாம், மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி இறங்கும்வரை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; பரிசோதகர் ஏறினால் கேட்பார். புறநகர்ப் பேருந்திலும் தனியார் பஸ்ஸிலும் இந்தச் சலுகை கிடையாது. தனியார் பஸ்கள் இந்தப் பக்கம் ஏராளம், பாட்டுச் சத்தமும் ஏராளம், பார்த்து ஏறுங்கள்.

3. காடு எது, ஊர் எது

இதைத்தான் புதிதாக வருபவர்கள் அலட்சியம் செய்கிறார்கள். கைப்பேசி வரைபடம் மலைக்குக் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டும். அது காப்புக்காட்டுக்குள் (வனத்துறை பாதுகாக்கும் காடு) போகிறதா, யாருடைய மாந்தோப்புக்குள் போகிறதா என்று அதற்குத் தெரியாது.

காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அபராதம் போடுவார்கள். 2018-இல் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. கும்பலாகப் போய் மாட்டினால் விவகாரம் பெரிதாகும். இரண்டு மாவட்டங்களிலும் பரந்துகிடக்கும் காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களில் யானைகள் நடமாடுகின்றன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி, பென்னாகரத்துக்கு மேற்கே என்று போகும்போது, பஸ் ஓடும் சாலையில்கூட நடக்கக் கூடாது.

காட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்றால் முறையான வழி ஒன்று உண்டு. வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் அய்யூர்க் காட்டில் ஒரு பாதை அதில் இருக்கிறது. இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். வழிகாட்டி கூட வருவார். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கேட்பார்கள். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திட்டமிடுபவர்கள் முதலில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் தொடங்குவதால் முதல் நாள் இரவே தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ தங்கிவிட வேண்டியிருக்கும்; அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி, என் விதி எளிது. தார்ச்சாலை, ஊர்ப்பாதை, வாய்க்கால் கரை, கோயில் படி, தொல்லியல் துறைக் கோட்டை. இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

4. தொடங்குவதற்கு நான்கு நடைகள்

அ) கே.ஆர்.பி. அணையிலிருந்து காவேரிப்பட்டணம்

முதல் நடைக்கு இதைத்தான் சொல்வேன். ஏற்றமே இல்லை, வழியில் ஊர்கள் உண்டு, எங்கே களைத்தாலும் பஸ் கிடைக்கும் சாலைக்கு வந்துவிடலாம். கே.ஆர்.பி. என்பது தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் கிருஷ்ணகிரி அணை. கிருஷ்ணகிரியிலிருந்து அங்கே நகரப் பேருந்து இருக்கிறது, பத்துக் கிலோமீட்டர்தான். அணைப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள். பூங்காவும் பொரித்த மீனும் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே வாய்க்கால் கரைக்கு வந்துவிடுங்கள்.

அணையிலிருந்து இடதுபுறம் ஒன்று, வலதுபுறம் ஒன்று என இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. கரையில் தென்னை, கீழே நெல், கொஞ்சம் தள்ளி மாந்தோப்புகள். பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் போனால், கரையில் நடக்கும்போது ஒரு பக்கம் கால்வாய் சலசலக்க, மறுபக்கம் மடையைத் திறந்துவிட்டு ஒருவர் மண்வெட்டியோடு நிற்பார். அவர் ஒரு வெட்டு மண்ணை எடுத்து இந்த வாய் அடைத்து அந்த வாய் திறப்பதற்குள் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போய்விடும். நின்று பார்க்கலாம்; எங்கே போகிறீர்கள் என்று அவரே கேட்பார், அவரே வழியும் சொல்வார். நிதானமாக நடந்தால் காவேரிப்பட்டணம் சேர இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். கரைப்பாதை சில இடங்களில் முள் மண்டிக் கிடக்கும், அங்கெல்லாம் ஊர்ச்சாலைக்கு இறங்கி மீண்டும் ஏறிக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் காவிரிக் கரையில் இல்லை, தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. பெயரைப் பார்த்துக் காவிரியில் குளிக்கலாம் என்று துண்டோடு வருபவர்கள் இருக்கிறார்கள். தென்பெண்ணையிலும் குளிக்க வேண்டாம். மேலே ஓசூர்ப் பக்கம் ஆற்றில் நுரை பொங்கும் செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். ஊரிலிருந்து சற்றுத் தள்ளிப் பெண்ணேஸ்வரமடத்தில் ஆற்றங்கரையிலேயே பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. கால் தெம்பு இருந்தால் போகலாம்.

எச்சரிக்கை ஒன்று: அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அது நிரம்பும் நிலையில் மதகைத் திறப்பார்கள். அப்போது அணை வளாகத்துத் தரைப்பாலம் மூழ்கிவிடும், பூங்காவுக்குப் போக முடியாது, ஆற்றங்கரையில் யாரையும் விட மாட்டார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்கு வெள்ள எச்சரிக்கை என்று செய்தி வந்தால் நடையைத் தள்ளிப் போடுங்கள்.

ஆ) ராயக்கோட்டைக் கோட்டை

தருமபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளி வழியாக ஓசூர் போகும் பஸ் எல்லாம் ராயக்கோட்டையைத் தொட்டுத்தான் போகும். கிருஷ்ணகிரியிலிருந்தும் நேரடி பஸ் உண்டு. சேலம், ஓசூர் ரயில் தடத்தில் நிலையமும் இருக்கிறது. ஆனால் ரயில் குறைவு, நம்முடைய திட்டத்துக்கு ஒத்து வராது. திரும்புவதற்கு பஸ் தட்டுப்பாடு இல்லாத இடம் என்பதால் இரண்டாவது நடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஊரை ஒட்டியே பாறை மலை. பேருந்து நிறுத்தத்திலிருந்து கோட்டைக்கு எந்தத் தெரு என்று கேட்டால் போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. டிக்கெட் கிடையாது, கடையும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஏற ஏறப் படிகள் சிதைந்து வெறும் பாறையாகிவிடும். மேலே இடிந்த மதில்களும் பாறைச் சுனைகளும் இருக்கின்றன. சுனைத் தண்ணீர் குடிப்பதற்கு இல்லை. ஏற ஒரு மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே முக்கியமானது நேரம். பாறை பத்து மணிக்கே சுடத் தொடங்கிவிடும். ஏழு மணிக்கு மலையடிவாரத்தில் இருப்பதாகத் திட்டமிடுங்கள். அப்படி இறங்கினால் ஊருக்குள் தக்காளி வியாபாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கும். பெட்டி பெட்டியாக லாரியில் ஏறுவதைப் பார்க்கலாம். விலை விழுந்த வாரமாக இருந்தால் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

தருமபுரிக்காரர்களுக்கு ராயக்கோட்டை போலக் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அவர்கள் ஊரிலேயே ஒரு கோட்டை மலை இருக்கிறது, சையத் பாஷா மலை. பழையபேட்டைப் பக்கத்திலிருந்து ஏறலாம்; பஸ்ஸே வேண்டாம்.

இ) தீர்த்தமலை

தருமபுரியிலிருந்து அரூர், அரூரில் மாறித் தீர்த்தமலை. அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். இரண்டு பஸ் என்பதால் காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அரூரில் இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அடிவாரத்தில் ஒரு கோயில், மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். படிகள் ஒழுங்காக இருக்கின்றன, இடையிடையே உட்கார இடமும் உண்டு. மேலே பாறை இடுக்கிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் குளிக்க வருபவர்கள் அதிகம், மாற்றுத் துணி கொண்டுபோனால் நீங்களும் குளிக்கலாம். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் ஏறிவிடுங்கள். குரங்குகள் உங்கள் பையைத் திறக்கப் பழகியவை. நெகிழிப் பையைக் கையில் தொங்கவிட்டால் அதில் என்ன இருந்தாலும் அது அவற்றுக்குத்தான். மாசி மகத் திருவிழா சமயத்தில் போனால் கூட்டத்தோடுதான் நடக்க வேண்டும். எனக்கு அது பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்கலாம். அந்த நாள்களில் பஸ் அதிகம் என்பது மட்டும் லாபம்.

ஈ) வத்தல்மலை

மற்ற மூன்றையும் முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நீண்ட காலம் பஸ்ஸே போகாத மலை, இப்போது போகிறது. ஆனால் டிரிப்புகள் குறைவு. முதல் பகுதியில் சொன்ன ஹால்ட் பஸ், பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் இங்கே இரண்டு மடங்காகக் கவனியுங்கள்.

இருபதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டுபவர்கள் முன் இருக்கையில், சன்னலோரம், வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இல்லாமல். மேலே போனால் ஒரே ஊர் இல்லை. பெரியூர், பால்சிலம்பு, சின்னங்காடு என்று சிறு சிறு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைக்கும் சாலையில்தான் நடை. காப்பிச் செடிகள், சவுக்கு மரம் போல நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகு, பருவத்தில் பலா, சாமை, ராகி வயல்கள். வாகனம் குறைவு. நான்கு மணி நேரம் நடந்தாலும் அலுக்காது.

சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். ஓரிரு கடைகளில் டீ, பிஸ்கட். முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் முறை போகிறவர் யாரிடம் சொல்வது? எனவே கட்டுச்சோறு. கைப்பேசிச் சிக்னல் விட்டு விட்டு வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கட்டணத்துக்குச் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வேலி போட்ட காப்பித் தோட்டத்துக்குள் படம் எடுக்க நுழையாதீர்கள்.

கீழிருந்து நடந்தே மலையேறலாமா என்று கேட்பார்கள். மலைப்பாதை காட்டு வழியே போகிறது, வளைவுகளில் வண்டிக்காரர்கள் நடப்பவரை எதிர்பார்ப்பதில்லை, குறுக்குவழி எல்லாம் காப்புக்காடு. பஸ்ஸில் ஏறி மேலே நடங்கள்.

இதே மாதிரி, ஆனால் இன்னும் பெரிய மலை சித்தேரி. அரூரிலிருந்து பஸ். வத்தல்மலை பழகியபின் போங்கள்.

5. ஒகேனக்கல்லை என்ன செய்வது

போங்கள், ஆனால் நடைக்கு என்று போகாதீர்கள். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழி, பஸ் தாராளமாக இருக்கிறது. பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடைப்பட்ட சாலை யானைகள் கடக்கும் காடு. முண்டச்சிபள்ளம் பகுதியில் யானை நின்றது என்று அடிக்கடி செய்தி வரும். இயற்கையை ரசிக்கிறேன் என்று நடுவழியில் இறங்காதீர்கள். கண்டக்டரும் இறக்கிவிட மாட்டார்.

கிளம்பும் முன், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று அன்றைய செய்தியில் பாருங்கள். வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை விதித்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் போய்த் தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். பரிசல் கட்டணத்தைப் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து, சீட்டு தரும் இடத்தில் மட்டும் கட்டுங்கள். வழியில் மடக்கி "நான் காட்டுகிறேன் வாங்க" என்பவரிடம் பேச்சே வேண்டாம். பாதுகாப்பு உடை இல்லாமல் பரிசலில் ஏறாதீர்கள்.

6. பையில் என்ன, கையில் எவ்வளவு

ஆவணம் என்று பார்த்தால் ஆதார் நகல் ஒன்று போதும். காட்டோரச் சோதனைச் சாவடியில் கேட்டால் காட்டலாம். வனத்துறை முன்பதிவு என்றால் அந்தச் சீட்டின் அச்சு நகல், கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், கோடையில் மூன்று. புளியோதரையோ எலுமிச்சைச் சாதமோ. உப்பும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை. தொப்பி, துண்டு, முள் குத்தாத காலணி. கரடுமுரடான பாறைக்கு வார் செருப்பு ஆகாது. கழிப்பறை பேருந்து நிலையத்தை விட்டால் வேறெங்கும் இல்லை என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். மாறும் இடங்களான அரூர், பாலக்கோடு நிலையங்களில் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

செலவு: ஐம்பது கிலோமீட்டருக்குள் எங்கே போனாலும் சாதாரண பஸ்ஸில் ஒரு வழிக்கு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. போக வர, டீ, வழியில் வெள்ளரிக்காயோ நுங்கோ எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் ஒரு நாள் முடியும். ஆனாலும் ஐந்நூறு ரூபாய் தனியாக மடித்து வையுங்கள். பஸ் தவறினால் ஆட்டோவுக்கு அதுதான். அந்தப் பேரத்தை இருட்டுவதற்கு முன் பேசுங்கள், இருட்டியபின் விலை அவர் சொல்வதுதான். கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் டிக்கெட்டின் பின்பக்கம் மீதியை எழுதித் தருவார். இறங்கும்போது வாங்க மறந்துவிடாதீர்கள்.

7. எந்த மாதத்தில் எது

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மழை நாள்களைப் பார்த்து ஒதுக்குங்கள். கோட்டைப் பாறைகள் நனைந்தால் வழுக்கும், ராயக்கோட்டை அன்று வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வத்தல்மலைக்குக் காலையில் கம்பளி தேவைப்படும். மார்ச்சிலிருந்து மே வரை வெயில் கடுமை. அப்போது வாய்க்கால் கரை நடையை மட்டும், காலை ஒன்பது மணிக்குள் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை மாங்காய்க் காலம். கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்புகளில் காவல் இருக்கும். முதுகில் பையோடு தோப்புக்குள் நடப்பவரை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வரப்பில் போக வேண்டும் என்றால் குரல் கொடுத்து, கேட்டுவிட்டுப் போங்கள்; பெரும்பாலும் ஒன்றிரண்டு பழத்தைக் கையில் கொடுத்தே அனுப்புவார்கள். கேட்காமல் கீழே கிடப்பதை எடுத்துக் கடிக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

ஆடி பதினெட்டு அன்று ஒகேனக்கல் பக்கம் தலைகாட்ட வேண்டாம். தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டைக் காலபைரவர் கோயிலுக்குச் சாம்பல் பூசணி விளக்கு ஏற்ற வருகிற கூட்டத்தில் அந்தப் பக்கத்து பஸ்கள் பிதுங்கும்.

8. அடிபட்டால், வழி தவறினால்

108 ஆம்புலன்ஸ், 112 அவசர உதவி. இரண்டும் சிக்னல் இருந்தால்தான். அதனால் கிளம்பும்போது எந்த ஊர், எந்தப் பஸ்ஸில் திரும்புகிறேன், எத்தனை மணிக்கு வரவில்லை என்றால் தேட வேண்டும் என்று வீட்டிலோ அறைத் தோழரிடமோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இறங்கிய இடத்து டீக்கடையிலும் சொல்லி வையுங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கு இது இன்னும் உதவும். திரும்பும்போது "வந்துவிட்டீர்களா அக்கா, பஸ் இன்னும் வரவில்லை" என்று ஒரு குரலாவது இருக்கும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் வைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அரூர், பாலக்கோடு, பென்னாகரத்தில் அரசு மருத்துவமனைகள். நாய்க்கடி, குரங்குக் கடிக்கும் அரசு மருத்துவமனைதான். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சிறு கீறல் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஊசிகளுக்கான தேதிகளைச் சீட்டில் குறித்துத் தருவார்கள், அவற்றைத் தவற விடாதீர்கள்.

பஸ்ஸில் பொருளை விட்டுவிட்டால் டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். அதை வைத்து எந்த பஸ், எந்த டிரிப் என்று கண்டுபிடிக்க முடியும். நிலையத்து நேரக் காப்பாளரிடம் காட்டினால் அந்த கண்டக்டருக்குச் சொல்லி அனுப்புவார். மலை பஸ் என்றால் அது மறுநாள் காலையில்தான் கீழே வரும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.